நீராவிக்கு எந்த வால்வு? ஒரு நண்பருக்குப் பதில்



சென்ற மழைக்காலத்துக்குச் சற்று முன், செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள ஒரு சபையைச் சேர்ந்த அன்பர் ஒருவர், மினி லாரியில் பதினோரு வால்வுகளை ஏற்றி நம் மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். பாய்லர் அறையின் பழைய வால்வுகளை மாற்றவேண்டிய தேவை இருக்கிறது என்று இதே இதழில் நாங்கள் எழுதியிருந்ததை அவர் வாசித்திருக்கிறார். மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் சாமான்கள் விலைக்கு வந்தபோது அது நினைவுக்கு வரவே, தம் கைப்பணத்தைப் போட்டு வாங்கி, துரு நீக்கி, சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து அனுப்பினார். அன்போடு செய்த காரியம். ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் நீராவிக் குழாயில் பொருத்தவில்லை.

இதைக் கேள்விப்பட்டு அவர் ஒரு கடிதம் எழுதினார். கோபமான கடிதம் அல்ல, மனவருத்தமான கடிதம். "வால்வு என்றால் திறந்தால் விடவேண்டும், மூடினால் நிறுத்தவேண்டும். அவ்வளவுதானே, போதகர் ஐயா? உங்கள் பாய்லர் 8 கிலோ பிரஷரில் ஓடுகிறது என்றீர்கள். நான் அனுப்பியவற்றில் 10 கிலோ தாங்கும் என்று வார்ப்பிலேயே பொறித்திருக்கிறது. அப்படியிருக்க, ஏன் புதிய வால்வுக்குக் காணிக்கை கேட்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அவர் எழுதிக் கேட்டார். வேறு பலர் எழுதாமல் மனதில் வைத்திருக்கலாம். எனவே அவருடைய சம்மதத்தோடு எல்லாருக்குமாக இங்கே பதில் எழுதுகிறோம்.

இறையியல் கல்லூரியில் எங்களுக்கு எபிரெய வினைச்சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். வால்வுகளைப் பற்றி ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை. இங்கே எழுதுவதை எல்லாம் இரண்டு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஒருவர் நம் பாய்லர் அறையைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஊழியர். மற்றவர் கல்பாக்கத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்று, ஞாயிறு ஆராதனைக்கு நம் சிற்றாலயத்துக்கு வரும் பொறியாளர். தவறு ஏதும் இருந்தால் அது கேட்டவர்களுடையது.

முதலில், மருத்துவமனைக்கு நீராவி எதற்கு? துணி வெளுக்கவும் சமைக்கவும் பயன்படுகிறது என்பது உண்மை. முக்கியமான காரணம் அறுவைச் சிகிச்சை அறைதான். கத்தி, கத்தரி, துணி, பஞ்சு எல்லாவற்றிலும் உள்ள கிருமிகளைக் கொல்ல ஆட்டோகிளேவ் வேண்டும். பாஸ்டருடன் வேலைசெய்த ஷார்ல் ஷாம்பர்லான் என்ற பிரெஞ்சுக்காரர் 1879-ல் அதை உருவாக்கினார். சாதாரணமாகக் கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. சில கிருமிகளின் வித்துகள் அதில் சாகமாட்டா. நீராவியை அடைத்துவைத்து, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான அழுத்தம் கொடுத்தால் 121 டிகிரி கிடைக்கும். இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே போனால் 134 டிகிரி. அழுத்தம் ஏற ஏறச் சூடும் ஏறும். நம் பாய்லரின் 8 கிலோ அழுத்தத்தில் நீராவி சுமார் 175 டிகிரி சூட்டில் இருக்கிறது.

நண்பரின் கேள்விக்கு முதல் பதில் இங்கேதான் இருக்கிறது. வால்வின் மேல் பொறித்துள்ள எண் அழுத்தத்தை மட்டும் சொல்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எந்தச் சூட்டில், எந்தத் திரவத்துக்கு என்ற கேள்வியும் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. அவர் அனுப்பியவற்றில் ஏழு வால்வுகள், ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிகளில் நீங்கள் பார்த்திருக்கும் ஸ்லூயிஸ் வால்வுகள். அவற்றில் உள்ள 'பிஎன் 1.0' என்ற பொறிப்பு, குளிர்ந்த தண்ணீரில் 10 கிலோ தாங்கும் என்பதற்கான உறுதி. 175 டிகிரி நீராவிக்கு அது எந்த உறுதியும் தரவில்லை. உலோகம் சூடாகும்போது வலுக்குறையும். எஃகு வால்வுகளுக்கு உலகமெங்கும் பயன்படும் ஓர் அட்டவணை உண்டு. அதில் '150 வகுப்பு' என்று குறிக்கப்படும் சாதாரணக் கார்பன் எஃகு வால்வு, அறையின் சூட்டில் ஏறக்குறைய 20 கிலோ தாங்கும். 200 டிகிரியில் 14 கிலோதான். 400 டிகிரியில் ஆறரை கிலோவுக்கு இறங்கிவிடும். வால்வு அதேதான், பொறிப்பும் அதேதான். தாங்கும் சக்தி மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

அந்த ஏழும் வார்ப்பிரும்பு என்பது இரண்டாவது காரணம். வார்ப்பிரும்பு மெதுவான அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். திடீர் அடியைத் தாங்காது, வளையாமல் உடைந்துவிடும். நீராவிக் குழாயில் யார் அடிக்கப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். தண்ணீர் அடிக்கும். இரவில் குழாய் குளிரும்போது உள்ளே மிஞ்சிய நீராவி தண்ணீராகித் தாழ்வான இடத்தில் தேங்குகிறது. காலையில் வால்வைச் சட்டென்று திறந்தால், பாய்ந்துவரும் நீராவி அந்தத் தண்ணீரை ஒரு கட்டியாக உருட்டிக்கொண்டுபோய், அடுத்த வளைவிலோ வால்விலோ மோதவைக்கும். பொறியாளர்கள் இதை 'வாட்டர் ஹாமர்' என்கிறார்கள். தண்ணீர்ச் சுத்தியல் என்று நாம் சொல்லலாம். 2007-ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று நியூயார்க் நகரத்தின் நடுவே, 1924-ல் புதைத்த நீராவிக் குழாய் ஒன்று மாலை நேரத்தில் வெடித்துச் சாலையைப் பிளந்தது. ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். தேங்கும் தண்ணீரை வெளியேற்றவேண்டிய ஸ்டீம் டிராப் அடைபட்டிருந்ததும், அதனால் உண்டான தண்ணீர்ச் சுத்தியலுமே காரணம் என்று கண்டுபிடித்தார்கள்.

நண்பர் அனுப்பியவற்றில் இன்னும் மூன்று, கால் வட்டம் திருப்பினாலே முழுதும் திறந்துவிடும் பால் வால்வுகள். உள்ளே வெள்ளை டெஃப்ளான் வளையம் இருந்தது. நீராவிக்கென்றே செய்த பால் வால்வுகள் உண்டு. அவற்றின் வளையம் வேறு. இவை ரசாயனத் திரவத்துக்கு வைத்திருந்தவை. சாதாரண டெஃப்ளான், இந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் நாளடைவில் நசுங்கிப் பிதுங்கிவிடும். அதைவிட எங்கள் ஊழியர் சொன்ன காரணம் மனதில் பட்டது. "ஐயா, இதை அவசரத்தில் யாராவது ஒரே வீச்சில் திறந்துவிடுவார்கள். சக்கரம் வைத்த வால்வு என்றால் அவசரப்பட்டாலும் பத்துச் சுற்று சுற்றியாகவேண்டும்" என்றார். ஆக, வால்வைத் தேர்ந்தெடுக்கிறவர் உலோகத்தையும் பார்க்கவேண்டும், அதைத் திருப்பப்போகும் கையையும் பார்க்கவேண்டும்.

வால்வுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. கேட் வால்வு என்பது மதகுப் பலகையைப்போல மேலும் கீழும் ஏறி இறங்கும். முழுதும் திறந்திருக்கும்போது நீராவிக்குத் தடையே இராது. முழுதும் மூடியிருக்கும்போது நன்றாக நிறுத்தும். பாதி திறந்துவைப்பதற்கு அது ஆகாது. அப்படி வைத்தால் குறுகிய இடைவெளியில் சீறிப்பாயும் நீராவியும் அதிலுள்ள நீர்த்துளிகளும் சேர்ந்து, பலகை உட்காரும் சீட்டில் கம்பி இழுத்ததுபோலக் கோடு விழச்செய்யும். அதற்குப்பின் எவ்வளவு இறுக்கினாலும் மூடாது. அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டிய இடத்தில் குளோப் வால்வு வேண்டும். அதற்குள் நீராவி வளைந்து ஏறிப்போக வேண்டியிருப்பதால் சற்று அழுத்தம் விரயமாகும். ஆனால் அடைப்பான் சீட்டின்மேல் நேராக இறங்கி உட்காருகிறது.

இதைப் புத்தகத்திலிருந்து எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் லாண்டரிக்குப் போகும் கிளைக்குழாயில், கையிருப்பில் இருந்ததைப் போட்டுச் சமாளிப்போம் என்று ஒரு கேட் வால்வைப் பொருத்தியிருந்தோம். லாண்டரிக்கு அழுத்தம் அதிகம் என்று அதை எப்போதும் பாதி திறந்தே வைத்தோம். ஒரு வருடத்தில் சீட் அறுந்துவிட்டது. இரவில் மூடியபின்னும் கொஞ்சம் கொஞ்சமாக நீராவி கசிந்து, குளிர்ந்த குழாயில் தண்ணீராகத் தேங்கியது. அந்தக் கிளையிலிருந்துதான் ஆட்டோகிளேவுக்கும் இணைப்பு போனது. ஒரு காலைவேளை பிரசவ அறுவைச் சிகிச்சைக்கான துணிக்கட்டுகள் ஆட்டோகிளேவிலிருந்து நனைந்தபடி வெளியே வந்தன. ஈரமான கட்டு கிருமி நீங்கியதாகக் கணக்கில்லை. ஈரத்தின் வழியாகக் கிருமி திரும்ப உள்ளே ஏறிவிடும். வலியோடு ஒரு தாய் மேசைக்கருகே காத்திருக்க, வேறொரு வார்டிலிருந்த சிறிய ஆட்டோகிளேவில் மறுபடி ஏற்றி எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகமாக வீடு போனார்கள், தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் அந்தத் தாமதத்துக்குக் காரணம், 'இருப்பதைப் போடுவோம்' என்ற எங்கள் தீர்மானம்தான். நண்பரின் வால்வுகளை வாங்கிவைத்துக்கொண்டு தயங்கியதற்கு இதுவே உண்மையான காரணம்.

இனி, நம் வட்டாரத்திலேயே இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். மாமல்லபுரத்திலிருந்து கடற்கரை ஓரமாகத் தெற்கே போனால், சதுரங்கப்பட்டினத்துக்கு முன்பாகக் கல்பாக்கம் வருகிறது. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-லும் இரண்டாவது 1985-லும் இயங்கத் தொடங்கின. அணு உலை என்றவுடன் நமக்கு வேறு ஏதேதோ தோன்றுகிறது. ஆனால் டர்பைனைச் சுழற்றுவது அங்கேயும் நீராவிதான். அழுத்தம் ஏறக்குறைய 40 கிலோ, சூடு 250 டிகிரி. முன்சொன்ன அட்டவணையில் அடுத்த படியான '300 வகுப்பு' கார்பன் எஃகு வால்வை எடுத்துக்கொண்டால், 250 டிகிரியில் அது தாங்குவது சுமார் 42 கிலோ. பார்வைக்கு அது போதும்போல் இருக்கிறது. ஆனால் அழுத்தம் என்றைக்கும் ஒரே அளவில் நிற்பதில்லை. டர்பைன் திடீரென்று நின்றால் ஒரு நொடியில் எகிறும். அந்தக் கெட்ட நேரத்தைக் கணக்கில் வைத்தால் அதற்கும் மேலான வகுப்பைத்தான் தேடவேண்டும் என்று எங்கள் பொறியாளர் விளக்கினார். தினமும் இருக்கிற நிலைக்கு அல்ல, வருஷத்தில் ஒருநாள் வரக்கூடிய நிலைக்கு வாங்கு என்பது அவர் வாய்ப்பாடு.

அதே வளாகத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் வேக ஈனுலைச் சோதனை நிலையம் 1985-ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று இயங்கத் தொடங்கியது; அதன் டர்பைன் 1997-ல் மின்தொகுப்போடு இணைந்தது. அங்கே நீராவியின் வடிவமைப்பு அளவு 125 கிலோ, 480 டிகிரி. அதற்குப் பின் கட்டிய 500 மெகாவாட் மாதிரி ஈனுலைக்கு 170 கிலோ அளவும் 490 டிகிரியும் வகுத்தார்கள். இந்தச் சூட்டில் சாதாரணக் கார்பன் எஃகு உதவாது. 425 டிகிரிக்கு மேல் நீண்டகாலம் இருந்தால் அதிலுள்ள கரி பிரிந்து கிராஃபைட்டாகி, எஃகு நொறுங்கும் தன்மை அடைகிறது. அதோடு, வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மெள்ள வளைவதுபோல, பல ஆண்டுச் சூட்டில் உலோகமே கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொடுக்கும். எனவே குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு வேண்டும்.

வால்வின் அமைப்பே மாறிவிடுகிறது. நம் பாய்லர் அறையில் வால்வின் மேல்மூடியைப் போல்ட்டு போட்டு, நடுவே கேஸ்கட் வைத்து இறுக்குகிறோம். நூறு கிலோவைத் தாண்டினால் அந்தப் போல்ட்டுகள் தாங்கமுடியாத அளவுக்குப் பெரிதாகவேண்டும். அதனால் 'பிரஷர் சீல்' என்ற ஒரு முறையைக் கையாளுகிறார்கள். மூடி உள்ளேயிருந்து மேல்நோக்கி ஒரு வளையத்தின்மேல் அழுந்துமாறு வைத்துவிடுவார்கள். உள்ளே அழுத்தம் கூடக்கூட மூடி இன்னும் இறுக்கமாக அமரும். நீராவியே தன்னை அடைத்துக்கொள்கிறது! இதைக் கேட்டபோது எங்களுக்கு ஏற்பட்ட வியப்பை மறைக்க விரும்பவில்லை.

ஆப்புபோன்ற பலகையுள்ள கேட் வால்வைச் சூடாக இருக்கும்போது இறுக்கி மூடிவிட்டு, பிறகு குழாய் குளிர்ந்தால், உடல் சுருங்கிப் பலகையைக் கவ்விக்கொள்ளும்; மோட்டாரால்கூடத் திறக்க இயலாமற் போகலாம். அதனால் இந்த இடங்களில் சற்று வளைந்துகொடுக்கும் பலகையோ, இரண்டு தகடுகள் இணையாகச் சறுக்கும் அமைப்போ வைக்கிறார்கள். பெரிய வால்வின் பக்கத்தில் ஒரு சிறிய வால்வையும் வைத்து, முதலில் அதைத் திறந்து குழாயைச் சூடேற்றுவார்கள்.

ஈனுலையில் இன்னொரு சங்கடம் உண்டு. அங்கே உலையின் சூட்டைக் கொண்டுவருவது உருகிய சோடியம். நீராவி உண்டாக்கும் கலத்தில் ஒரு மெல்லிய குழாய்ச் சுவரின் ஒருபுறம் சோடியம், மறுபுறம் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் சோடியத்துண்டைத் தண்ணீரில் போட்டுக்காட்டியது நினைவிருக்கும். குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும், தண்ணீர் வரும் வழியையும் நீராவி போகும் வழியையும் உடனே அடைத்து, உள்ளே மிஞ்சியதை வெளியே விட்டுவிடவேண்டும். அங்கே வால்வைத் தேர்ந்தெடுக்கும்போது 'எவ்வளவு தாங்கும்' என்ற கேள்வியோடு 'எத்தனை விரைவில் மூடும்' என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. நம் பாய்லர் அறையில் மெதுவாகத் திறப்பது நன்மை. அங்கே விரைவாக மூடுவது நன்மை. எல்லா இடத்துக்கும் நல்ல வால்வு என்று ஒன்று இல்லை என்று எங்கள் நண்பருக்கு இதைத்தான் எழுதினோம்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலையை இந்தக் கரையில் யாரும் மறக்கமாட்டார்கள். அன்று கல்பாக்கத்தில் இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. முதலாவது பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. கடலுக்கடியில் சுமார் அரை கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாகத்தான் நிலையத்துக்குக் கடல்நீர் வருகிறது. ஆழிப்பேரலையின் தண்ணீர் அதன் வழியே பம்பு அறைக்குள் ஏறி, கடல்நீர்ப் பம்புகள் நின்றன. டர்பைனிலிருந்து வரும் நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் கண்டன்சருக்குக் கடல்நீர் இல்லை. டர்பைனும் உலையும் பத்திரமாக நிறுத்தப்பட்டன. ஆனால் உலையை நிறுத்தினாலும் சூடு உடனே நிற்பதில்லை, தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். இப்படிப்பட்ட நிலையங்களில், கண்டன்சர் கைவிடும் வேளைக்கென்று, நீராவியை நேராக வானத்தில் திறந்துவிடும் வால்வுகளை வைத்திருப்பார்கள். வருடக்கணக்காகச் சும்மா மூடியிருந்து, கேட்ட நொடியில் திறக்கவேண்டிய வால்வுகள். மின்சாரமோ காற்றழுத்தமோ போய்விட்டால் இந்த வால்வு தானாகத் திறக்கவேண்டுமா, தானாக மூடவேண்டுமா, இருந்தபடியே நிற்கவேண்டுமா என்பதை வாங்கும்போதே தீர்மானித்தாக வேண்டும். உள்ளே உள்ள ஸ்பிரிங் அந்தத் தீர்மானத்தைப் பல ஆண்டுகள் காத்துவைத்திருக்கிறது.

அந்தத் தீர்மானம் சரியாக இருந்தும் வால்வு சொன்னபடி கேட்காமல் போனதும் உண்டு. அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979-ஆம் ஆண்டு மார்ச் 28 அதிகாலையில், அழுத்தம் கூடியதால் ஒரு விடுவிப்பு வால்வு முறைப்படி திறந்தது. சில நொடிகளில் மூடியிருக்கவேண்டும், சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ, மூடிவிட்டதுபோலக் காட்டியது. காரணம், அந்த விளக்கு வால்வின் நிலையைப் பார்த்து எரியவில்லை. 'மூடு' என்ற கட்டளை போய்ச் சேர்ந்ததா என்பதை மட்டுமே சொன்னது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உலையின் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. உலையின் நடுப்பகுதி ஓரளவு உருகிப்போயிற்று. எங்கள் ஊழியரிடம் இதைச் சொன்னபோது, அவர் நம் பாய்லரின் பிரதான வால்வைக் காட்டினார். அது திறந்திருந்தால் ஸ்பிண்டில் சக்கரத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும்; மூடியிருந்தால் உள்ளே போய்விடும். "தூரத்திலிருந்தே தெரியும், விளக்கு வேண்டாம்" என்றார். ஸ்பிண்டில் ஏறாத வகை வால்வு மலிவுதான். ஆனால் அது திறந்திருக்கிறதா என்று கண்ணால் அறிய வழியில்லை.

சேஃப்டி வால்வைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டனில், எலும்பையும் கரையவைக்கும் ஓர் அழுத்தப் பாத்திரத்தைச் செய்துகாட்டினார். இன்றைய பிரஷர் குக்கருக்கு அதுவே முன்னோடி. அது வெடிக்காமலிருக்க, மூடியில் எடை தொங்கும் ஒரு சிறு வால்வை வைத்தார். சேஃப்டி வால்வு என்று நாம் அறிவது அங்கே தொடங்கியது. அவர் பிரான்சின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். 1685-ல் அச்சபையாருக்கிருந்த பாதுகாப்பு நீக்கப்பட்டபின் நாடு திரும்ப இயலாமல் பிறநாடுகளிலேயே வாழ்ந்து மறைந்தார்.

இந்தியாவில் 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் மாண்டபின்தான் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டே வங்காளத்தில் பாய்லர்ச் சோதனைக்கான சட்டம் வந்தது. 1923-ல் நாடு முழுமைக்குமான சட்டமும், 1950-ல் அதன் விரிவான ஒழுங்குமுறைகளும் வந்தன. 1923-ன் சட்டம் நூறாண்டு கடந்து 2025-ல் புதிய சட்டத்துக்கு இடம்விட்டது. சேஃப்டி வால்வின் அளவைக் குழாயின் அளவைப் பார்த்து நிர்ணயிப்பதில்லை. பாய்லர் முழு நெருப்பில் எவ்வளவு நீராவி உண்டாக்குமோ அவ்வளவையும் வெளியேற்ற முடியவேண்டும். அதற்கும் பாய்லருக்கும் நடுவே வேறு எந்த வால்வும் இருக்கக்கூடாது; யாராவது மறதியாக அதை மூடிவிட்டால் எல்லாம் போயிற்று. அது திறந்து சத்தம்போடுகிறதே என்று எடையைக் கூட்டித் தொங்கவிட்டவர்கள் அந்தக் காலத்தில் இருந்திருக்கிறார்கள். அடுப்படியில் குக்கர் வெயிட்டை அழுத்திப்பிடிக்கிறவர்கள் இந்தக் காலத்திலும் இருக்கிறார்கள் என்று எங்கள் வீட்டார் சொல்கிறார்கள்.

நம் பக்கத்தின் உப்புக்காற்றையும் மறக்கக்கூடாது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் கல்லிலிருந்தே உப்பை எடுக்கத் தொல்லியல் துறையினர் காகிதக்கூழ் பூசி உறிஞ்சவைக்கிறார்கள். கல்லுக்கே அப்படியென்றால் போல்ட்டுக்கு எப்படி? துருப்பிடிக்காத எஃகு என்று நாம் நம்புவதும் தப்பவில்லை. சூடான குழாயின்மேல் சுற்றிய காப்புறையில் உப்பு ஈரம் ஊறினால், சில வகைத் துருப்பிடிக்காத எஃகு துருவேறாமலே மயிரிழைபோல வெடிக்கும். எனவே கடற்கரைக்கு வால்வு வாங்குகிறவர், உள்ளே ஓடும் நீராவியோடு வெளியே வீசும் காற்றையும் விசாரிக்கவேண்டும். பழைய வால்வுகளில் ஸ்பிண்டிலைச் சுற்றிக் கல்நார்க் கயிறு அடைத்திருப்பார்கள். கல்நார்த் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் இப்போது கிராஃபைட் வளையம்தான் போடுகிறோம்.

பதினோராவது வால்வைப் பற்றிச் சொல்லவில்லையே. அதுதான் எங்களை அதிகமாகச் சோதித்தது. எஃகு உடல், சக்கரம் வைத்த குளோப் வால்வு, எடையும் அமைப்பும் நீராவிக்கே செய்ததுபோல் இருந்தன. ஆனால் பெயர்த்தகடு இல்லை. பொறிப்பு இருந்த இடம் அரத்தால் தேய்ந்திருந்தது, அதன்மேல் பெயின்ட். நீராவிக்கான ஒவ்வொரு வால்வுக்கும் எந்த உலோகம், எவ்வளவு அழுத்தத்தில் சோதித்தது என்று 3-சி படிவத்தில் சான்றிதழ் உண்டு. அது இல்லாமல் பாய்லர் ஆய்வாளர் ஒப்புக்கொள்ளமாட்டார், நாங்களும் கேட்டிருக்கமாட்டோம். அது நல்ல வால்வாகவே இருந்திருக்கலாம். அதைத் திருப்ப நிற்கும் ஊழியரின் முகம் அந்த மூடியிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில் இருக்கும். ஒரு கிலோ நீராவி தண்ணீராக மாறும்போது ஏறக்குறைய 500 கிலோகலோரி சூட்டைத் தோலில் இறக்கிவிடும். எங்கள் தீக்காய வார்டில் கொதிநீர்க் காயத்தையும் நீராவிக் காயத்தையும் பார்த்திருக்கிறோம், இரண்டும் ஒன்றல்ல.

புதிய வால்வுகளுக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. உயர் அழுத்த வால்வுகளைத் திருச்சி பெல் நிறுவனம் செய்கிறது. நீராவிச் சாதனங்களுக்குப் பேர்பெற்ற ஸ்பைராக்ஸ் சார்கோவின் தொழிற்சாலை செங்கல்பட்டுக்கு அருகே மகேந்திரா வேர்ல்ட் சிட்டியிலேயே இருக்கிறது. மூன்று இடங்களில் விலை விசாரித்து, ஒவ்வொரு வால்வுக்கும் அதன் வேலை, சூடு, அழுத்தம், திறக்கும் விதம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொடுத்து வாங்கினோம். பிரதான குழாய்க்கு ஸ்பிண்டில் ஏறும் கேட் வால்வு ஒன்று, லாண்டரிக்கும் ஆட்டோகிளேவுக்கும் தனித்தனியே குளோப் வால்வுகள், 8 கிலோவை 3 கிலோவாக இறக்கும் குறைப்பு வால்வு ஒன்று, தாழ்வான இடங்களில் ஸ்டீம் டிராப்புகள். குறைப்பு வால்வு குழாயைவிடச் சிறியதாக வந்தபோது தவறாக அனுப்பிவிட்டார்கள் என்று பதறினோம். தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் அது ஓயாமல் திறந்து மூடி ஆடிக்கொண்டே இருக்குமாம், சிறியதே சரி.

நண்பரின் ஏழு ஸ்லூயிஸ் வால்வுகளும் வீணாகவில்லை. நான்கு கிணற்றிலிருந்து மேல்தொட்டிக்குப் போகும் குழாயிலும், மூன்று தோட்டத்துக் குழாயிலும் இருக்கின்றன. குளிர்ந்த தண்ணீருக்கு அவை முதல்தரம். பால் வால்வுகள் குடிதண்ணீர்த் தொட்டிக்கு வேண்டாம் என்று விட்டு, கழிவுநீர் பம்பில் போட்டோம். பெயரில்லாத அந்த எஃகு வால்வை ரம்பத்தால் நடுவே அறுத்து, பாய்லர் அறை மேசையில் வைத்திருக்கிறோம். புதிதாக வரும் ஊழியர்களுக்குச் சீட்டையும் அடைப்பானையும் காட்ட அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

சென்ற மாதம் அவரே நேரில் வந்தார். காலை ஆறு மணி, குழாய் குளிர்ந்திருந்தது. எங்கள் ஊழியர் கையுறையைக் கொடுத்து, "நீங்களே திறங்கண்ணே" என்றார். அவர் கால் சுற்றுச் சுற்றினார். உள்ளே மெல்லிய சீறல். டிராப்பிலிருந்து தண்ணீர் துப்பியது. இன்னொரு கால் சுற்று, மறுபடி காத்திருப்பு. ஐந்து நிமிடம் ஆயிற்று, சக்கரம் ஒரு முழுச்சுற்றுக்கூட வரவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு நேரம் தம்பி?" என்று கேட்டார். "தண்ணீர் வருவது நிற்கிறவரைக்கும், அண்ணே" என்றார் ஊழியர்.